பட்டறை பதில்கள்: தானாகத் திரும்பும் சக்கரம்

(போடியில் முப்பது வருடத்துக்கு மேல் ஜீப் பட்டறை நடத்தியவர் பதிலளிக்கிறார்)

கேள்வி: ஐயா, நாங்கள் கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள். பாஜா போட்டிக்கு (மாணவர்கள் தாங்களே கட்டிய வண்டியைக் கரடுமுரடான பாதையில் ஓட்டும் போட்டி) பக்கி வண்டி கட்டுகிறோம். முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு கைகள்), பழைய மாருதி 800 ராக் (ஸ்டீரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகரும் பல் தண்டு). சமதளத்தில் நேராகப் போகிறது. மேடு பள்ளத்தில் ஏறினால், ஸ்டீரிங்கை அசையாமல் பிடித்திருந்தும் சக்கரம் தானாகத் திரும்புகிறது. மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தும் பயனில்லை. ராக்கை வெட்டிக் குறுக்கி வெல்டு வைத்தால் சரியாகும் என்கிறார் சீனியர். செய்யலாமா?

பதில்: தம்பி, சீனியரின் கையிலிருந்து கட்டிங் மெஷினை முதலில் வாங்கி வையுங்கள்.

அலைன்மென்ட் என்பது நிற்கிற வண்டிக்குப் பார்ப்பது. உங்கள் கோளாறு சக்கரம் ஏறி இறங்கும்போது வருகிறது. பம்ப் ஸ்டீர் என்பார்கள். விஷ்போன் ஒரு வட்டத்தில் ஏறி இறங்குகிறது, சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடு தன் போக்கில் வேறொரு வட்டத்தில். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்றால் டை ராடு சக்கரத்தை இழுக்கும், இல்லாவிட்டால் தள்ளும். ஓட்டுபவர் பாவம், என்ன செய்வார்?

கம்ப்யூட்டரில் வரைந்திருப்பீர்கள். இருக்கட்டும், வண்டியில் அளந்து பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றிவிடுங்கள். ஸ்டீரிங்கை நேராக வைத்துக் கட்டுங்கள். சக்கரம் மாட்டும் ஹப்பில் இரண்டடி நீளத்துக்கு ஒரு பிளைவுட் பலகையை முடுக்குங்கள். பக்கத்தில் வண்டிக்கு இணையாக ஒரு நூல் கட்டி, பலகையின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். அப்புறம் ஜாக்கியால் 1 அங்குலம் ஏற்றி அளந்து பாருங்கள், இன்னொரு அங்குலம், மறுபடி அளந்து பாருங்கள். இறக்கும்போதும் அப்படியே.

அந்தக் கணக்கே கோளாறைச் சொல்லிவிடும். ஏறும்போது சக்கரம் உள்ளே திரும்பி, இறங்கும்போது வெளியே திரும்பினால் (அல்லது மாறி நடந்தால்) டை ராடு இருக்கும் உயரம் தப்பு. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே பக்கமாகவே திரும்பினால் அதன் நீளம் தப்பு. இரண்டும் கலந்தும் வரும். 6 அங்குல ஏற்ற இறக்கத்தில் முன் பின் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் நின்றால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

உங்கள் வண்டியில் நீளம்தான் தப்பாக இருக்கும் என்பது என் ஊகம். அந்த ராக் உங்கள் சேஸிஸுக்கு அகலம். ராக் அகலமானால் டை ராடு குட்டையாகும், குட்டையானது சின்ன வட்டம் போடும். முன்னாலிருந்து பார்த்தால், மேல் விஷ்போனும் கீழ் விஷ்போனும் சேஸிஸில் மாட்டியிருக்கும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஒரு கோடு போடலாம் அல்லவா? டை ராடின் உள்முனை அந்தக் கோட்டின் மேலேயே வர வேண்டும். அதற்கு ராக்கைக் குறுக்க வேண்டாம், விஷ்போன் பிராக்கெட்டுகளை வெளியே தள்ளுங்கள். விஷ்போன் புதிதாகச் செய்ய இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். ராக்கின் பல் கடினமாக்கிய எஃகு. அதில் வெல்டு வைத்தால் பக்கத்து இடம் கண்ணாடி மாதிரி ஆகி, ஒரு குதிப்பில் முறியும். விஷ்போன் உடைந்தால் வண்டி உட்காரும். ராக் உடைந்தால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ராடு எண்டை (டை ராடின் முனையில் உருண்டை வைத்த மூட்டு) ஒற்றைப் பட்டையில் தொங்கவிட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டு பட்டைக்கு நடுவில், 8.8 தரப் போல்ட்டில் நிற்க வேண்டும். இடமே இல்லை என்றால், உள்ளிருக்கும் உருண்டை கழன்றாலும் ராடு வெளியே வராதபடி ஒரு பெரிய வாஷராவது போடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். பழைய மஹிந்திரா ஜீப்பின் அடி பாறையில் தட்டுகிறது என்று ஷாக்கிலை (கமான் பட்டையின் முனையைச் சேஸிஸோடு கோக்கும் இணைப்பு) 2 அங்குலம் நீளமாக லேத்தில் செய்து முன்னால் மாட்டினோம். உயரம் 1 அங்குலம்தான் கூடியது. இப்போது ரோட்டில் வண்டி அலைபாய்கிறது.

பதில்: அம்மா, ஷாக்கில் கமான் பட்டையின் ஒரு முனையில்தானே இருக்கிறது? அதனால் கூட்டியதில் பாதிதான் கிடைக்கும். லேத்காரர் ஏமாற்றவில்லை. ஷாக்கில் பம்பர் பக்கம் இருக்கிற ஜீப்பில் அதை நீட்டினால் பட்டை முன்னால் சாயும், ஆக்ஸிலும் கூடவே சாயும். காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். வளைவிலிருந்து ஸ்டீரிங் தானாக நேருக்குத் திரும்புவது அந்தக் காஸ்டரால்தான். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு மாதிரிச் சரிவான தகடு வைத்து நிமிர்த்தலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு, நடு போல்ட் நன்றாக உட்கார வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய ஷாக்கிலையே மாட்டிவிட்டு, கமான் கட்டுபவரிடம் பட்டைகளை வளைவு ஏற்றித் தரச் சொல்வேன்.

அப்படி உயர்த்தினாலும், ஸ்டீரிங் பெட்டியின் டிராப் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் தண்டு சரிவாகத்தான் நிற்கும். அதைச் சமமாக்க அந்த டிராப் ஆர்மைச் சூடு காட்டி வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 25 வயதில் நானே அதைச் செய்தவன். சிவக்கச் சிவக்கக் காய்ச்சி அழகாக வளைத்தேன். மூன்றாவது வாரம் குரங்கணி பக்கம் ஏலக்காய் மூட்டையோடு இறங்கிய வண்டியில் அது முறிந்தது. வண்டி மலைப்பக்கம் போய் மோதியதால் டிரைவருக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அந்த ஆர்மின் பாதியைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன், இன்னும் இருக்கிறது.

கேள்வி: இப்படி மாற்றிய ஜீப்பை ரோட்டில் ஓட்டலாமா? (தேனி வாசகர்)

பதில்: தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கோவைத் தம்பிகளே, நீங்களும் போட்டி வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டு போங்கள்.

கேள்வி: என் ஜீப்பின் டை ராடு வளைந்துவிட்டது. டிராக்டர் டாப் லிங்க்கில் (கலப்பையை மேல்பக்கம் பிடிக்கும் தண்டு) இடது மரையும் வலது மரையும் இருக்கிறதே, அதையே வெட்டி மாட்டலாமா? (உசிலம்பட்டி விவசாயி)

பதில்: யோசனை நல்ல யோசனை. நடுக் குழாயைத் திருப்பினால் நீளம் கூடும், குறையும், டை ராடுக்கும் அதே வேலைதான். ஆனால் டாப் லிங்க் முனையில் பின் போக இடைவெளி விட்டிருப்பார்கள். கலப்பைக்கு அந்த ஆட்டம் தேவை. ஸ்டீரிங்கில் அதுவே கால் சுற்று லூஸாக வரும். தடித்த, தையல் இல்லாத குழாய் வாங்கி, லேத்தில் ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை போடுங்கள். வெல்டே வேண்டாம். மரை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும், இரண்டு முனையிலும் லாக் நட். ஜிஐ பைப் பக்கம் போகாதீர்கள். டாப் லிங்க்கைத் திருப்பி டிராக்டரிலேயே மாட்டுங்கள், உழவு நேரத்தில் தேடுவீர்கள்.