ஒன்பதாம் லெவலுக்குப் பிறகு வீரன் எங்கே குடியிருக்கிறான்?

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டுகளில், அனுபவம் கூடக் கூட உயரும் படியான லெவலில் பத்தைத் தாண்டிய வீரர்கள் தனியாளாகவே ஒரு சிறு படையைச் சிதறடிக்கிறார்கள். அப்படியிருக்க அந்த உலகத்தில் அரசன், வரி, சட்டம், காவல் எல்லாம் எப்படி நிலைத்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சிறிய நண்பர் குழுவுக்கு நெடுநாளாக டன்ஜன் மாஸ்டராக, அதாவது ஆட்டத்தை நடத்துபவராக, இருந்துவருகிறேன். வீரனின் பலத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது என்பது என் எண்ணம். அவனால் தானே செய்துகொள்ள முடியாதவை எவை, அவற்றுக்காக அவன் யார் வாசலில் போய் நிற்கிறான் என்று பார்த்தால் சமூகத்தில் அவனுக்குரிய இடம் தானாகத் தெரியவரும்.

இந்த விளையாட்டின் தொடக்கக் காலத்தில் இது ஒரு சிக்கலாகவே இருக்கவில்லை. இதற்கு முன்னோடியாக 1971-இல் வந்த செயின்மெயில் என்ற பொம்மைப்படைப் போர் விளையாட்டில் 'ஹீரோ' நான்கு படைவீரர்களுக்குச் சமம், 'சூப்பர் ஹீரோ' எட்டுப் பேருக்குச் சமம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நான்காம் லெவல் போர்வீரனுக்கு ஹீரோ என்றும் எட்டாம் லெவலுக்கு சூப்பர் ஹீரோ என்றும் பட்டம் தந்தார்கள். ஒன்பதாம் லெவலுக்கு என்ன பட்டம் தெரியுமா? 'லார்ட்', அதாவது நிலப்பிரபு. எட்டுப் பேருக்குச் சமமான ஒருவனை ஊருக்குள் சும்மா திரியவிடக் கூடாது, அவன் தலையில் ஓர் ஊரையே கட்டிவிட வேண்டும் என்பது அந்தப் பட்டியலின் உட்பொருள்.

1978-இல் வெளிவந்த, இதே விளையாட்டின் அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு இதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது. ஒன்பதாம் லெவலை எட்டிய போர்வீரன் ஒரு கோட்டை கட்டி, அதைச் சுற்றி 20 முதல் 50 மைல் ஆரத்துக்குள் உள்ள பகை உயிரினங்களை அப்புறப்படுத்தினால், ஒரு தலைவனின் கீழ் படைவீரர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். குடியிருப்பவர் ஒவ்வொருவர் கணக்கிலும் மாதத்துக்கு 7 வெள்ளிக்காசு வருமானம் கிடைக்கும். கைகாக்ஸ் முன்பு காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர் என்பது இவ்விடத்தில் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்தப் பதிப்பில் மீட்டுக்கொண்டுவரும் தங்கத்துக்கும் லெவலை உயர்த்தும் அனுபவப் புள்ளிகள் உண்டு, ஒரு காசுக்கு ஒரு புள்ளி என்ற விகிதத்தில். ஒன்பதாம் லெவலுக்கு இரண்டரை லட்சம் புள்ளிகள் வேண்டும் என்பதால், அங்கே வந்து சேரும்போது வீரன் கையில் பெருஞ்செல்வம் புரண்டிருக்கும். அதைக் கொட்டுவதற்குக் கோட்டையை விட்டால் வேறு இடமில்லை. இந்தக் கணக்குதான் அவனை ஊரோடு பிணைத்தது.

அதே கையேட்டில் ட்ரூயிடுகள் என்ற இயற்கை வழிபாட்டுப் பூசாரிகளின் நிலை இன்னும் சுவையானது. பன்னிரண்டாம் லெவலில் ஒன்பது பேர், பதின்மூன்றாம் லெவலில் மூன்று பேர், பதினான்காம் லெவலில் ஒரே ஒருவர் மட்டுமே இருக்கலாம். மேலே ஏற விரும்புபவர் அந்தப் பதவியில் இருப்பவரை நேருக்கு நேர் மோதி வெல்ல வேண்டும். லெவல் என்பது உடல்வலிமையின் அளவாக இருப்பதோடு நாற்காலியாகவும் ஆகிவிட்டது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கோட்டையும் நிலமும் போர்வீரனுக்கு லெவலோடு வரும் பலன்களாக இல்லாமல் போயின. நீங்கள் கேட்ட கேள்வி உண்மையில் அங்கேதான் பிறக்கிறது என்பேன். பதினைந்தாம் லெவல் வீரன் இன்னும் சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி, கூலிக்கு வேலை தேடுகிறான். அந்தப் பதிப்பு தந்த மாற்று, நடத்துநர் கையேட்டில் உள்ள ஒரு பட்டியல்: 25,000 பேருக்கு மேல் வாழும் மாநகரத்தில் மிக உயர்ந்த போர்வீரனின் லெவல், எட்டுப்பக்கப் பகடையில் விழும் எண்ணோடு 12 கூட்டினால் வருவது. அதாவது உங்கள் வீரனைத் தடுக்கக்கூடிய ஒருவன் நகரில் எப்போதும் இருப்பான். எனக்கு இதில் திருப்தி இல்லை. அப்படி ஒருவன் இருந்தால் மலையிலிருக்கும் டிராகனைக் கொல்ல ஏன் நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

கீத் பேக்கர் வடிவமைத்து 2004-இல் வந்த எபரான் என்ற, இதே விளையாட்டுக்கான கற்பனை உலகம் எதிர்த்திசையில் சென்றது. அங்கே உயர்ந்த லெவல் மனிதர்கள் மிக அரிது. அதிகாரம் தனிமனிதர்களின் கையில் இல்லை. மருத்துவத்தையும் போக்குவரத்தையும் வங்கித்தொழிலையும் பங்கிட்டுக்கொண்ட குலங்களின் கையில் இருக்கிறது. வெள்ளிச் சுடர் சமயத்தின் தலைவியான ஜேலா டாரன் என்ற சிறுமிக்குப் பேராற்றல் உண்டு என்றாலும், தன் புனித நகரத்தை விட்டு வெளியே வந்தால் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆற்றலை ஆளோடு கட்டாமல் இடத்தோடு கட்டிய இந்த ஏற்பாட்டை நான் பலமுறை இரவல் வாங்கியிருக்கிறேன்.

மந்திரவாதிகளைப் பொறுத்தவரை நான் மிகவும் மதிப்பது 1987-இல் வெளிவந்த ஆர்ஸ் மேஜிகா. இடைக்கால ஐரோப்பாவில் நடக்கும் அந்த விளையாட்டில் மந்திரவாதிகள் அனைவரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். சாதாரண மக்களின் விவகாரத்தில் தலையிட்டுச் சக மந்திரவாதிகளுக்குத் தொல்லை வரவழைப்பது சபை விதிப்படி குற்றம். பிரபுக்களின் அரண்மனையில் சம்பளத்துக்கு மந்திரம் செய்வதற்கும் தடை. மீறுபவன் மீது மற்ற மந்திரவாதிகளே படையெடுப்பார்கள். அரசனால் மந்திரவாதியை அடக்க முடியாது, சக மந்திரவாதிகளால் முடியும். தவிர, மந்திர ஆற்றலோடு பிறந்தவர்களை மக்களுக்குக் காரணமில்லாமலே பிடிக்காது என்று விதி சொல்வதால், சந்தையில் பேரம் பேசக்கூட அவர்களுக்கு இன்னொருவர் துணை தேவைப்படுகிறது. ஆர்தர் மன்னரின் வீரர்களாக ஆடும், 1985-இல் வந்த பென்ட்ராகன் என்ற விளையாட்டு இதையே குடும்பத்தின் வழியாகச் செய்கிறது: ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலத்தில் அறுவடை, திருமணம், பிள்ளைப்பேறு, முதுமை என்று பகடை உருட்ட வேண்டும்.

என் ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நகர வாயிலில் வாளை உறையோடு கட்டி முத்திரை வைக்கச் சொன்ன காவலனிடம், பத்தாம் லெவல் போர்வீரனை ஆடிய நண்பர், "முடியாது, என்ன செய்வாய்?" என்றார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் அந்தக் காவலனுக்கு 11 உயிர்ப்புள்ளிகள். ஒரு சுற்றுக்குக்கூடத் தாங்க மாட்டான். அவன் சண்டை போடவில்லை. பேரேட்டைத் திறந்து, "ஐயா, பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதிக்கொண்டு வழிவிட்டான். மறுநாள் ஆட்டத்தில் அந்த வீரனின் கூட்டாளி ஒருவர் செத்துப்போனார். செத்தவரை எழுப்பும் மந்திரத்துக்கு 500 பொற்காசு மதிப்புள்ள வைரம் ஒன்று வேண்டும். மந்திரத்தோடு அது கரைந்துவிடும். நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு வாங்கும் கூலியாளுக்கு அது 2,500 நாள் சம்பளம். அப்படிப்பட்ட வைரம் நகரில் இரண்டு வணிகர்களிடம்தான் இருந்தது, இருவரிடமும் அந்தப் பேரேட்டின் நகல் இருந்தது. நண்பர் வாயிலுக்குத் திரும்பி வந்து வாளை நீட்டினார்.

பலத்தால் பறித்திருக்கலாமே என்றால், பறிக்கலாம், ஒரு முறை. அடுத்த வைரத்தை எந்த வணிகனும் அந்த நகருக்குக் கொண்டுவர மாட்டான். மேலும் ஐந்தாம் பதிப்பில் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. மந்திரப் பொருள் எதுவும் இல்லாமல், முழு உலோகக் கவசமும் கேடயமும் மட்டும் அணிந்த இருபதாம் லெவல் வீரன் மீது 100 சாதாரணக் காவலர்கள் அம்பு எய்தால், சுற்றுக்குச் சராசரியாக 20 அம்புகள் தைக்கும்; இரண்டு மூன்று சுற்றுகளில் அவன் விழுந்துவிடுவான். 1978-ஆம் ஆண்டின் விதிகளிலோ அவன் தன் லெவல் எத்தனையோ அத்தனை சாதாரண ஆட்களை ஒரே சுற்றில் தாக்கலாம். ஆகவே எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அரசனின் பயம் அதைப் பொறுத்தே கூடும், குறையும்.

இவற்றையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது மனத்தை வசப்படுத்தும் முதல் லெவல் மந்திரம். கற்றுக்குட்டி மந்திரவாதிகூட அதைப் போடலாம் என்ற உலகத்தில் ஒரு பத்திரத்தில் விழுந்த கையெழுத்துக்கோ சாட்சி சொன்ன வாய்மொழிக்கோ என்ன மதிப்பு இருக்கும்? பொய் சொல்ல விடாத இரண்டாம் லெவல் மந்திரம் ஒன்று பூசாரிகளுக்குக் கிடைப்பதால், அங்கே பத்திரப்பதிவு கோயிலில்தான் நடக்க வேண்டும், பதிவுக் கட்டணமும் கோயிலுக்குத்தான் போகும். உங்கள் உலகத்துக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தால், படையைச் சிதறடிக்கும் வீரனைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அந்தப் பதிவு அறையிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.