150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி நாலரை மணி நேரம் வரும் என்றார்கள், இரண்டரை மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதே. பேட்டரி பழுதா?

புது பேட்டரி என்றால் பெரும்பாலும் பழுது இல்லை. கடையில் போட்ட கணக்குதான் அரைகுறை.

அவர்கள் கணக்கு இப்படி: 150 ஆம்பியர் மணி × 12 வோல்ட் = 1800 வாட் மணி. நாலு ஃபேன் (75 வாட் வீதம் 300), ஐந்து எல்.இ.டி. டியூப் லைட் (100), ஆக 400 வாட். 1800-ஐ 400-ஆல் வகுத்தால் நாலரை.

இதில் இரண்டு விஷயம் விடுபட்டிருக்கிறது. முதலாவது, இன்வெர்ட்டரே ஐந்தில் ஒரு பங்கைச் சூடாக மாற்றி வீணடிக்கும். 400 வாட் வெளியே வர பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 500 வாட், அதாவது 42 ஆம்பியர் போகிறது. இரண்டாவதுதான் பெரியது. லேபிளில் 150 ஏ.எச். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சி20’ என்று இருக்கும். 20 மணி நேரத்துக்கு மெதுவாக, 7.5 ஆம்பியர் மட்டும் எடுத்தால் 150 கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். வீட்டில் யாரும் அப்படி எடுப்பதில்லை. லெட் ஆசிட் பேட்டரியில் வேகமாக இழுக்க இழுக்க, அமிலம் தகட்டுக்குள் ஊறிப் போக நேரம் கிடைக்காமல் கொள்ளளவே சுருங்கும். 42 ஆம்பியர் இழுத்தால் 110 ஏ.எச். அளவுக்குத்தான் கைக்கு வரும். 110-ஐ 42-ஆல் வகுத்துப் பாருங்கள், உங்கள் இரண்டரை மணி நேரம்தான்!

இதே விதி மறுபக்கமும் வேலை செய்யும். நாலு ஃபேனையும் 30 வாட் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) ஆக மாற்றினால் லோடு 220 வாட்தான், 23 ஆம்பியர். கொள்ளளவும் 120-ஐத் தாண்டி ஏறும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். லோடு பாதியாகக் குறைந்தால் பேக்கப் இரண்டு மடங்குக்கு மேலேயே கூடும். இன்னொரு பேட்டரி வாங்குவதைவிட இது உருப்படியான செலவு.

பழுதா என்று உறுதி செய்ய, 12 மணி நேரம் கரன்ட் கட் இல்லாமல் சார்ஜ் ஏறிய பிறகு ஹைட்ரோமீட்டரில் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) ஆறு செல்லையும் பாருங்கள். டியூபுலர் (குழாய் வடிவத் தகடு) பேட்டரியில் 1240 சுற்றி இருக்க வேண்டும். ஒரே ஒரு செல் மட்டும் 30, 40 புள்ளி குறைந்து நின்றால் உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள். எல்லாமே சமமாகக் குறைவு என்றால் சார்ஜ் முழுதாக ஏறவில்லை. தண்ணீர் மட்டம் குறைந்து தகடு வெளியே தெரிந்தாலும் கொள்ளளவு போய்விடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம்.

இன்வெர்ட்டர் பெட்டியிலும் இதே வித்தைதான். மாடல் பெயரில் 1100 என்று பெரிதாக இருக்கும், பின்பக்கம் 900 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) என்றிருக்கும், வாட்டில் அது 750 பக்கம்தான். அடுத்த முறை பேட்டரி வாங்கும்போது ‘சி10’ என்று போட்ட 150-ஐக் கேளுங்கள். அந்த 150, 15 ஆம்பியர் வீதம் எடுத்து அளந்தது. அதனால் சி20 போட்ட 150-ஐவிட உள்ளே சரக்கு அதிகம், விலையும் எடையும் அதற்கேற்ப.