முடிஞ்ச வேலைய அழிக்கலாமா, எடுத்து வைக்கலாமா?

கேள்வி: அண்ணே, நான் வீட்டுலேர்ந்தே சமையல் ஆர்டர் எடுத்து செய்றேன், கல்யாணம், பொறந்தநாள், கோயில் அன்னதானம் எல்லாம். என் தம்பி லேப்டாப்புல இமேக்ஸ்ங்கற எழுதுற புரோகிராம் போட்டு, அதுல நோட்ஸும் வேலையும் தலைப்பு தலைப்பா எழுதி வைக்கிற ஆர்க் மோட்ல எழுத பழக்கி விட்டான். ரெண்டு வருஷமா ஒரே ஃபைல்தான். இப்ப தெறந்தா முடிஞ்ச ஆர்டரா நிக்குது, நாளைக்கு பசார்ல என்ன வாங்கணும்னு தேட வேண்டியிருக்கு. அழிக்கவும் மனசு வரல. என்ன செய்றது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அழிச்சிடாதீங்க தங்கச்சி. எங்கப்பா தோட்டத்து ஆபிஸ்ல கிராணியா இருந்தவரு. மாசம் முடிஞ்சதும் செக்ரோலை, அதான் ஆளுங்க வேலைக்கு வந்த பதிவு புக்கை, மூடி அலமாரில ஏத்திட்டு புது புக்கு எடுப்பாரு, காலைல வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப போன மாச புக்கு மேசை மேல இருக்கவே இருக்காது. ஆனா யாராச்சும் வந்து, கிராணி ஐயா எனக்கு அன்னைக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் கணக்குதான், விழுந்திருக்குன்னு நின்னா, அந்த புக்கை எறக்கி தேதி பாத்து சொல்வாரு. உங்க ஃபைலுக்கும் அப்படி ஒரு அலமாரி வேணும், அவ்வளவுதான்.

அது ஆர்க் மோட்லயே இருக்கு. கார்ஸ்டன் டோமினிக்னு ஒரு வானியல் ஆய்வாளர் 2003ல ஆரம்பிச்சது இது, சொந்தமா நோட்ஸும் வேலையும் எழுதி வைக்கிறவர் செஞ்சதுங்கறதால இந்த மாதிரி விஷயத்த நல்லாவே யோசிச்சிருக்காரு. முடிஞ்ச ஆர்டரோட தலைப்புல கர்சரை வச்சு கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் எஸ் வரிசையா அடிங்க. அந்த தலைப்பு, அதுக்கு கீழ உள்ளது மொத்தமும் வேற ஃபைலுக்கு போயிடும், உங்க ஃபைல் பேருக்கு பின்னாடி அண்டர்ஸ்கோர் ஆர்க்கைவ்னு ஒட்டியிருக்கும். எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, சும்மா தூக்கிப் போடாம எப்ப எடுத்து வச்சது, எந்த ஃபைல்லேர்ந்து வந்துச்சு, எந்த தலைப்புக்கு கீழ இருந்துச்சு, அப்ப என்ன நிலைமைல இருந்துச்சுன்னு எல்லாத்தையும் கூடவே எழுதி வச்சிடும்.

ஒண்ணு மட்டும் கவனம். ஒரு கல்யாண ஆர்டர்ல சாப்பாடு போட்டாச்சு, ஆனா பாக்கி 300 வெள்ளி வாங்கற வேலை கீழ இன்னும் தெறந்தே கெடக்குன்னு வைங்க, மேல் தலைப்பை எடுத்து வச்சா அந்த பாக்கியும் சேந்து போயிடும், அப்புறம் யார் ஞாபகப்படுத்துவா? அதுக்கு எல்லா ஆர்டருக்கும் மேல இருக்குற பெரிய தலைப்புல நின்னுகிட்டு அதே கட்டளைக்கு முன்னாடி கண்ட்ரோல் யூ அடிங்க. கீழ உள்ள ஒவ்வொரு ஆர்டரையும் பாத்து, முடிக்காத வேலை எதுவும் மிச்சமில்லாத ஆர்டரை மட்டும் எடுத்து வைக்கவான்னு கேக்கும்.

இன்னொண்ணு, வேலைய டன்னுன்னு, அதாவது முடிஞ்சதுன்னு, மாத்தறப்ப முடிச்ச தேதி தானா விழாது, ஆர்க் லாக் டன்ங்கற செட்டிங்கை டைம்னு வைக்கச் சொல்லுங்க தம்பிகிட்ட. வியாபாரம் செய்றவங்க ரெக்கார்டை 7 வருஷம் வச்சிருக்கணும்னு மலேசிய வருமான வரிச் சட்டமே சொல்லுது. இந்த ஃபைல் ரசீதுக்கு பதிலாகாது, ஆனா எந்த தேதி ரசீதை தேடணும்னு இதான் காட்டும்.

கேள்வி: நான் ஹேண்ட்போன்லயும் லேப்டாப்லயும் டூடூ டாட் டெக்ஸ்ட், அதான் வரிக்கு ஒரு வேலையா எழுதற சாதா ஃபைல், வச்சிருக்கேன், கோயில் கமிட்டி வேலைக்கு. லேப்டாப்ல அதோட கமாண்ட் லைன் புரோகிராம்ல, கட்டளை டைப் அடிச்சு, ஒரு வேலைய முடிச்சேன், வரியே காணாம போச்சு. என்னாச்சுண்ணே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: காணாம போகல தம்பி. அந்த கமாண்ட் லைன் புரோகிராம்ல முடிச்ச வரிக்கு முன்னாடி சின்ன எக்ஸும் தேதியும் போட்டு, உடனேயே டன் டாட் டெக்ஸ்ட்ங்கற ஃபைலுக்கு மாத்திடற மாதிரிதான் அமைப்பு வச்சிருக்காங்க. அதே ஃபோல்டர்ல பாருங்க. உடனே மாற வேணாம்னா ஆட்டோ ஆர்க்கைவ்ங்கற செட்டிங்கை நிறுத்திட்டு, மாசக் கடைசில ஆர்க்கைவ் கட்டளை குடுத்தா போதும். நான் அப்படித்தான் செய்றேன், முடிச்ச வேலை கொஞ்ச நாள் கண்ணு முன்னாடி இருந்தா மனசுக்கு தெம்பா இருக்கும்லா.

ஆனா இதுல தலைப்பு, கிளை எதுவும் கெடையாது, ஒரு வேலைக்கு ஒரு வரிதான், அந்த வரி தனியா போயிடும். பந்தல்காரருக்கு போன் பண்ணணும்னு மட்டும் எழுதுனா அடுத்த வருஷம் பாக்கறப்ப தைப்பூசத்துக்கா தீமிதிக்கான்னு தெரியாது. எழுதறப்பவே பிளஸ் போட்டு பக்கத்துல தைப்பூசம்னு சேத்துடுங்க.

கேள்வி: கம்ப்யூட்டர் எல்லாம் எனக்கு ஆகாது, 555 நோட்டு, அந்த சின்ன பாக்கெட் நோட்டுலதான் எழுதுறேன். எனக்கு ஏதாச்சும் வழி உண்டா?
– ஓய்வு பெற்ற வாசகர்

பதில்: தாராளமா ஐயா. மாசக் கடைசில முடியாத வேலைய மட்டும் புது நோட்டுல எழுதிக்கிட்டு, பழசோட அட்டைல எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும்னு போட்டு ரப்பர் பேண்ட் மாட்டி வைங்க.