எதிர்க்கரையில் நின்று பார்த்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். அப்பா லாரி ஓட்டுநர். சென்ற மாதம் அலுவலக நண்பர்கள் என்னை இல்க்லி கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப் போனார்கள். கொஞ்ச காலமாக ஆடிவருகிறேன் என்றாலும் இப்படி ஓர் இடத்தில் ஆடியதில்லை. தொடக்கத்தில் வரும் குழிகளுக்கான ஆடுதளங்கள் வார்ஃப் ஆற்றை ஒட்டியே போகின்றன. கரையோரம் சிவப்புக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். பந்து அதற்குள் போய்விட்டால் ஓர் அடி கூடுதலாகக் கணக்கில் ஏறும் அபராதம். என் பந்துகள் இரண்டு ஆற்றோடு போயின. ஆனாலும் புதிதாக வாங்கிய, தூரமாக அடிப்பதற்கான டிரைவர் மட்டை அன்று கைக்கு வந்துவிட்டது. குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் கணக்கில் 31 புள்ளிகள் எடுத்தேன்.

ஸ்படிகம் போன்ற நீர். கரையில் ஒரு பிளாஸ்டிக் பை கிடையாது. எனக்குத் தாமிரபரணி நினைவு வந்து வெட்கமாகிவிட்டது. வெள்ளைக்காரன் ஆற்றை மதிக்கத் தெரிந்தவன், நம் ரத்தத்தில் அது இல்லை என்று தோன்றியது.

இதை முகநூலில் எழுதியதும் கல்லூரித் தோழர் ஒருவர் “லாரி டிரைவர் மகன் துரைமார் ஆட்டம் ஆடக் கிளம்பிவிட்டான்” என்று கேலி செய்தார். அது உள்ளே தைத்துவிட்டது. மேட்டுக்குடி விளையாட்டில் நான் மகிழ்வது குற்றமா? அன்றைய அனுபவத்தைக் கட்டுரையாகவும் எழுதி இணைத்திருக்கிறேன். உங்கள் தளத்தில் வெளியிட முடியுமா?

எஸ்.,
லீட்ஸ்

அன்புள்ள எஸ்.,

வரும் கடிதங்களில் பாதிக்கும் மேல் பதில் எழுத முடியாமல் போகிறது. உங்களுக்கு உடனே எழுதக் காரணம் கோல்ஃப் அல்ல. நீங்கள் ஆடிய கரைக்கு எதிர்க்கரையில் நான் நடந்திருக்கிறேன். அந்த ஆற்றைப் பற்றிக் குறிப்புகள் எடுத்துவைத்து, எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தின் ஒரு வரி எரிச்சலூட்டி என்னை மேசைக்கு இழுத்துவந்துவிட்டது. எந்த வரி என்பது போகப்போகத் தெரியும்.

குற்றவுணர்ச்சி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆடுங்கள். உங்கள் உழைப்பு, உங்கள் பணம், உங்கள் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வசிக்கும் லீட்ஸிலேயே ரவுண்ட்ஹேயில் மாநகராட்சி மைதானம் இருக்கிறது. அங்கே எலக்ட்ரீஷியனும் ஆடுவார், பஸ் ஓட்டுநரும் ஆடுவார், தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு. மகன் நல்ல புல்தரையில் நாலு மணி நேரம் காலார நடக்கிறான் என்று கேட்டால் உங்கள் அப்பா சந்தோஷப்படுவார். அந்தத் தோழருக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இனி திட்டப்போகிறேன்.

கட்டுரையை வரி விடாமல் படித்தேன். மட்டையின் பிடி, அதன் எடை, அது பந்தில் படும்போது எழும் ஓசை என்று ஒன்றரைப் பக்கம் ஓடுகிறது. ஆறு மூன்று இடங்களில் வருகிறது. இரண்டில் உங்கள் பந்தை விழுங்குகிறது, மூன்றாவதில் ஸ்படிகமாக மின்னுகிறது. ஒரு மரத்துக்குப் பெயர் இல்லை. பறவையே இல்லை. எஸ்., மேலே மூர் என்று சொல்லப்படும் மேட்டுநிலங்களின் கரிய மட்கு மண்ணில் ஊறி வரும் நீர் அது. மழை பெய்த மறுநாள் கட்டஞ்சாயா நிறத்தில்தான் ஓடும். வெயில் நாளில் ஆழமில்லாத இடத்தில்கூட அடியிலிருக்கும் கற்கள் தேன்நிறமாகத் தெரியும். நீங்கள் ஆற்றைப் பார்த்து எழுதவில்லை. ஆறு என்றால் ஸ்படிகம் என்று எப்போதோ படித்ததைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஆற்றின் நடுவிலுள்ள பாறைகளில் டிப்பர் என்றொரு பறவை நிற்கும். குண்டான சிறிய உடம்பு, கருத்த பழுப்பு, மார்பில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. நின்ற இடத்திலேயே உடம்பைத் தாழ்த்தித் தாழ்த்தி எழும். பிறகு சட்டென்று பாறையிலிருந்து நீருக்குள் நடந்து இறங்கிவிடும். ஓடும் நீருக்கு அடியில், கற்களைப் பற்றிக்கொண்டு நடந்து, இடுக்கிலுள்ள பூச்சிப் புழுக்களைப் பொறுக்கித் தின்னும். முதல்முறை பார்க்கும்போது பறவை மூழ்கிப் போய்விட்டது என்றே நினைப்போம். நீர் கெட்டால் அந்தப் புழுக்கள் போகும், புழுக்கள் போனால் பறவையும் போகும். ஆற்றங்கரையில் அத்தனை நேரம் நின்றும் நீங்கள் இதைக் காணவில்லை என்றால் அந்த மட்டையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

“கலப்படமில்லாத இயற்கை” என்று எழுதியிருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். அந்த மலைமுகட்டில் மரமில்லாததற்குக் காரணம் நூற்றாண்டுக் கணக்கான ஆட்டு மேய்ச்சலும், வேட்டைப் பறவைகளுக்காகப் புதர்களை எரித்ததும். அழகான அந்தக் கல்வேலிகளில் பெரும்பாலானவை பொது மேய்ச்சல் நிலத்தைச் சட்டம் போட்டு வளைத்துக்கொண்ட காலத்தில் எழுந்தவை. கோல்ஃப் மைதானத்தைக் கேட்கவே வேண்டாம். லீட்ஸும் இல்க்லியும் இருக்கும் அதே யார்க்‌ஷயரின் நார்மன்டனில் பிறந்த அலிஸ்டர் மெக்கன்சி என்ற மருத்துவர் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போனவர். எதிரிகள் பதுங்குகுழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்த வித்தையை அங்கே பார்த்துவிட்டு வந்து, கோல்ஃப் மைதானங்களில் பந்தைச் சிக்கவைக்கும் மணற்குழிகளை மனிதன் வெட்டியது என்று தெரியாதபடி அமைத்தார். லீட்ஸுக்கு அருகில் ஆல்வுட்லியில் தொடங்கியவர், பின்னால் கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தை வடிவமைத்தார். அழகு அழகுதான், மறுக்கவில்லை. வேலைக்காரனின் கையைப் பார்க்கத் தெரிந்துகொண்டு ரசியுங்கள் என்கிறேன்.

இப்போது அந்த வரி. வெள்ளைக்காரன் ஆற்றை மதிக்கத் தெரிந்தவன், நம் ரத்தத்தில் அது இல்லை.

எந்த ரத்தம், எஸ்.? 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஊரார் செத்தபோது நகராத கோப்பு, உறுப்பினர்கள் மூக்கைப் பொத்தியதும் நகர்ந்தது. லண்டனுக்குப் பெரிய கழிவுநீர்க் குழாய்கள் வந்தது அப்படித்தான். ரத்தத்தில் ஊறிய நதிபக்தி அதில் எங்கே இருக்கிறது?

நீங்கள் ஆடிய ஊருக்கே வருவோம். இல்க்லி தண்ணீரால் பெயர் பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டில் மூரின் ஊற்றுநீரில் குளித்தால் உடம்பு தேறும் என்று நாடெங்கிலுமிருந்து வந்து தங்கினார்கள். 1859 நவம்பரில் டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தபோது அவர் அங்கேதான் நீர்ச்சிகிச்சையில் இருந்தார். அந்த ஊரின் ஆற்றில்தான் கழிவுநீர் கலக்கிறது. அங்குள்ள பழைய குழாய்களில் மழைநீரும் வீட்டுக் கழிவும் ஒன்றாகவே ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாது. அது வீடுகளுக்குள் எதிர்த்து ஏறாமலிருக்க, ஆற்றில் திறந்துவிட ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். என்றோ ஒரு நாள் பேய்மழைக்கு என்று வைத்த வாய் அது. சாதாரண மழைக்கே திறக்கிறது என்பதுதான் ஊர்மக்களின் புகார். மேல்கரைப் பண்ணைகளின் சாணக்கழிவு வேறு. 1989-இல் இங்கிலாந்தின் நீர் நிறுவனங்களைத் தனியாருக்கு விற்றார்கள், அதன் பிறகு யார் செலவு செய்வது என்ற சண்டை ஓயவில்லை.

ஊர்மக்கள் செய்த காரியம்தான் எனக்கு வியப்பு. ஆற்றைச் சுத்தம் செய்யுங்கள் என்று வெறுமனே மனுப் போட்டிருந்தால் மனு எங்காவது தூங்கியிருக்கும். எங்கள் ஆற்றை அதிகாரபூர்வக் குளிக்குமிடமாக அறிவியுங்கள் என்று கேட்டார்கள். அழுக்கு ஆற்றுக்கு ஏன் அந்த அந்தஸ்து? அறிவித்துவிட்டால் மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அரசின் சுற்றுச்சூழல் முகமை வந்து நீரைச் சோதித்தாக வேண்டும். முடிவை வெளியிட்டாக வேண்டும். தரம் குறைந்தால் எதனால் என்று தேடியாக வேண்டும். அழுக்கை அரசாங்கத்தின் கணக்கில் ஏற்றுவதற்கான தந்திரம் அது. கோடையில் கரையில் எத்தனை பேர் குளிக்கிறார்கள், விளையாடுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினார்கள். நீரை மொண்டு சோதனைக்கு அனுப்பினார்கள். 2020 டிசம்பரில் இங்கிலாந்திலேயே முதல்முறையாக ஓர் ஆற்றுப் பகுதிக்கு அந்த அந்தஸ்து கிடைத்தது. அது இல்க்லியில் ஓடும் வார்ஃப். அடுத்த ஆண்டு முகமை கொடுத்த தரம்: மோசம். அதற்கடுத்த ஆண்டும் மோசம். அதற்குப் பிறகும் மோசம். நான்கு படிகளில் கடைசிப் படி அது. உங்கள் ஸ்படிகத்துக்கு இதுதான் மதிப்பெண்.

நான் அங்கே தங்கியிருந்த நண்பரின் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் இருந்தார். முந்தைய இரவு மழை. காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு பழைய பாலத்துக்குப் போனார். 17-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம், இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். விண்டர்மியர் ஏரிக்கரை வரை 80 மைல் போகும் டேல்ஸ் வே நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய பையில் ரப்பர் கையுறை, ஐஸ் பெட்டி, மூடி போட்ட குப்பிகள். குப்பியின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, கையை நீருக்குள் நிறுத்தி நிரப்பி, மூடினார். நனைந்த விரலைக் கோட்டில் துடைத்துவிட்டு லேபிளில் தேதி, நேரம், இடம், “நேற்றிரவு மழை” என்று பென்சிலால் எழுதினார். பேனா மை கலைந்துவிடுமாம். தலைக்கு மேலே வில்லோ மரக்கிளைகளில் சாம்பல்நிறக் கந்தல் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ பாசி என்று நினைத்தேன். கழிவறையில் போட்ட ஈரத்துடைப்பான்கள், வெள்ளம் ஏறிய உயரத்தில் மாட்டிக்கொண்டவை என்றார்.

காலடியில் இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு கோல்ஃப் பந்து கிடந்தது. பச்சை மையால் மூன்று புள்ளி வைத்த பந்து. எதிர்க்கரையில் நீலத் தொப்பிக்காரர் ஒருவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை கையுறையோடு பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். தொப்பிக்காரர் உற்சாகமாகக் கையை ஆட்டினார். “தொட்டால் கையைக் கழுவுங்கள்!” என்று இவர் பள்ளிக்கூடக் குரலில் கத்தினார். நீரின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. காதில் கை வைத்துக் காட்டிவிட்டு, வேறு பந்தைக் கீழே போட்டு அடித்துவிட்டுப் போனார்.

கோபமே வராதா என்று ஆசிரியையிடம் கேட்டேன். கோபம் இருந்தால் கையெழுத்து சரியாக வராது, லேபிள் செல்லாது என்றார். அவர் வீட்டில் கோப்புகள் ஓர் அலமாரி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு, முகமைக்கு, நீர் நிறுவனத்துக்கு என்று எழுதிய கடிதங்களின் நகல்கள், வந்த பதில்கள், வராத பதில்களுக்கு நினைவூட்டல்கள். அந்த அலமாரியில் இருந்தது ரத்தமா, எஸ்.? சுத்தமான ஆங்கிலேய இனப்பண்பு என்றால் அந்தத் துடைப்பான்களைக் கழிவறையில் போட்டவர்களும் அதே ஆங்கிலேயர்கள்தானே? ஓர் இனத்தை மொத்தமாகத் தூக்கிவைத்து இன்னொன்றை மொத்தமாகக் கீழே போடுவது மிகச் சுகமான வேலை. நாற்காலியைவிட்டு எழ வேண்டியதில்லை. நம் ரத்தமே சரியில்லை என்று சொல்லிவிட்டால் நாம் செய்ய எதுவும் மிச்சமிருக்காது, பாருங்கள்.

தாமிரபரணி நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் உங்கள் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

கட்டுரையை இப்போதைக்கு வெளியிட மாட்டேன். நடை உங்களுக்கு வருகிறது. பனியில் முதல் பந்தை வைக்கும்போது கை நடுங்கிய அந்தப் பத்தியை நான் ரசித்தேன். மட்டை வரும் ஒன்றரைப் பக்கத்தை வெட்டுங்கள். அடுத்த ஆட்டம் முடிந்ததும் பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்கு வந்து, ஆடிங்ஹாம் கிராமம் வரைக்கும் நடந்துபோய் வாருங்கள். மழைக்கு மறுநாளாக இருந்தால் நல்லது. காலில் ரப்பர் பூட்ஸ் இருக்கட்டும். டிப்பரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிறகு மறுபடி எழுதி அனுப்புங்கள். 31 புள்ளிகளை வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது மோசமான ஸ்கோர் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

அன்புடன்