மாரி வானமும் விமானியின் முடிவும்: கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் மட்டக்களப்பில் பின்னேர இடி தொடங்கிவிடும். கட்டாருக்கும் துபாய்க்கும் போய்வருகிறவர்களும், திமிலைதீவு ஓடுபாதையில் சின்ன விமானம் இறங்குவதைப் பார்க்கிறவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

காத்தான்குடி: சேர், கட்டுநாயக்கயில இறங்க அரை மணித்தியாலம் இருக்கக்குள்ள பிளேன் விழுந்து விழுந்து எழும்பிச்சு. செட்டை முறிஞ்சிடாதா?

முறியாது. சேவையில் சந்திக்கக்கூடிய ஆகக்கூடிய சுமை எவ்வளவு என்று கணித்து, அதைப்போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்க வேண்டும் என்பது விதி. சான்றிதழ் கொடுக்கும் முன் தரையில் வைத்து வளைத்தே பார்க்கிறார்கள்.

குலுக்கலுக்கென்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வேகம் எழுதியிருக்கும். விமானி முதலில் அதற்கு வருவார். வேகம் கூடினால் உடலுக்குச் சுமை, குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழந்து ஸ்டோல் ஆகலாம். ஓட்டோபைலட்டை வழக்கமாக ஓடவிடுவார். உயரம் கொஞ்சம் ஏறி இறங்கினால் அதைத் துரத்திப் பிடிக்கப் போகமாட்டார். துரத்தினால்தான் சுமை கூடும். உங்களுக்கு ஆயிரம் அடி விழுந்த மாதிரித் தெரிவது பெரும்பாலும் சில பத்து அடிகள்தான். குலுக்கலில் காயப்படுகிறவர்களில் அநேகர் பெல்ட் கட்டாதவர்கள். விளக்கு அணைந்திருந்தாலும் இருக்கும்வரை கட்டியே இருங்கள்.

கல்முனை: அந்த மேகத்துக்கு மேலால போகலாம்தானே? எதுக்குச் சுத்திச் சுத்திப் போறாங்க?

மேலால் போக ஏலாது. எங்கள் பக்கத்து இடிமேகத்தின் உச்சி 50,000 அடியையும் தாண்டும். பெரும்பாலான பெரிய விமானங்களின் உச்ச வரம்போ 39,000 முதல் 43,000 அடி வரைதான்.

மூக்கில் இருக்கும் ராடர் மேகத்தைக் காட்டுவதில்லை, மழைத்துளியைக் காட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மழையின் பலம் ஏறும். மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு) வந்தால் பக்கத்திலும் போகக்கூடாது. இதில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, ராடரின் சாய்வு. 35,000 அடியில் நேராகப் பார்த்தால் மேகத்தின் உச்சியில் காய்ந்த ஐஸ் பளிங்குகள்தான் இருக்கும். அவை கதிரைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. திரை கறுப்பாக இருக்கும், மேகமோ முன்னால் நிற்கும். இலங்கைக்கு மேல் உறைநிலை ஏறத்தாழ 16,000 அடியில் இருக்கிறது. கதிரைக் கீழே சாய்த்து அந்த ஈரப் பகுதியைத் தேட வேண்டும். மற்றது நிழல். கனத்த மழை கதிரை விழுங்கிவிடும். சிவப்புக்குப் பின்னால் கறுப்பாகத் தெரிவதை வெளியான வானம் என்று நம்பிப் போனால், அங்கே இன்னொரு மேகம் நிற்கும்.

பலத்த மேகத்துக்குக் குறைந்தது 20 கடல் மைல் விலக வேண்டும். முடிந்தால் காற்று வருகிற பக்கத்தால். ஆலங்கட்டியும் குலுக்கலும் காற்று போகிற பக்கத்தில்தான் அதிகம். இரண்டு மேகத்துக்கு நடுவே போவதென்றால் இடைவெளி 40 மைலாவது வேண்டும். ஆகவே முடிவை 80, 100 மைல் தூரத்திலேயே எடுக்கிறார்கள். கிட்டப் போய்த் திருப்பினால் வளைவு கூடும், தெரிவு குறையும்.

தவறி உள்ளே போய்விட்டால் திரும்பி ஓடுவது சரியல்ல. திருப்பம் இறக்கைக்கு இன்னும் சுமை. எஞ்சின் ஐஸ் தடுப்பையும் எரியூட்டியையும் போட்டு, குலுக்கல் வேகத்தில், செட்டையை மட்டமாக வைத்து நேரே வெளியேற வேண்டும்.

அக்கரைப்பற்று: எங்கட வெக்கையில பிளேனுக்கு ஐஸ் கட்டுமா அண்ணன்?

தரையில் 32 பாகையாக இருந்தாலும் 35,000 அடியில் சுழியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் மேல் குளிர். வெப்பவலய மேகத்தின் உச்சியில் இருக்கும் ஐஸ் பளிங்கு, வேகம் அளக்கும் பிட்டோ குழாயை அடைத்துவிடும். 2009 ஜூன் 1இல் எயார் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது அப்படித் தொடங்கியதுதான். வேகமானி பிழைத்தது, ஓட்டோபைலட் கழன்றது. மூக்கைத் தூக்கிப் பிடித்தார்கள், ஸ்டோல் ஆனது, 228 பேர் இறந்தார்கள். குழாய் அடைத்திருந்தது ஒரு நிமிடம் அளவில்தான்.

வேகமானியை நம்ப ஏலாவிட்டால் மூக்கின் கோணத்தையும் எஞ்சின் பலத்தையும் பிடிக்க வேண்டும். எயார்பஸ் ஏ320இல் 10,000 அடிக்கு மேல் என்றால் மூக்கு 5 பாகை, ஏறும் பலம். இது மனப்பாடம். பிறகுதான் அட்டவணையைத் திறந்து அந்த எடைக்கும் உயரத்துக்கும் சரியான அளவைப் பார்ப்பது.

வாழைச்சேனை: மின்னல் அடிச்சா?

சராசரியாக ஒரு விமானத்துக்கு வருடத்தில் ஒரு தரம் அடிக்கிறது. மின்சாரம் வெளித்தோல் வழியே ஓடிப் போய்விடும். இறங்கியதும் பொறியியலாளர் எரிந்த புள்ளி தேடுவார்.

கல்லடி: மழைக்குள்ள இறங்கப் போய், கடைசி நேரத்துல மேல ஏறிட்டாங்க. ஏன்?

நல்ல விமானி அதைத்தான் செய்வார். மேகத்திலிருந்து குளிர்காற்று தூணாக இறங்கித் தரையில் மோதி நாலு பக்கமும் சிதறும். 4 கிலோமீற்றருக்கும் குறைந்த அகலம், 5 முதல் 15 நிமிட ஆயுள். உள்ளே போகும்போது முதலில் எதிர்க்காற்று, வேகம் தானாக ஏறும். விமானி பலத்தைக் குறைப்பார். அடுத்த நொடிகளில் கீழ்க்காற்று, அதன்பின் பின்காற்று. பலம் இல்லாத நேரம் வேகம் போய்விடும். 1985 ஓகஸ்ட் 2இல் டெல்டா 191 டலஸில் இப்படித்தான் விழுந்தது. பிறகுதான் இதற்கான எச்சரிக்கைக் கருவிகள் பரவலாயின.

எச்சரிக்கை ஒலித்தால் முழுப் பலம், மூக்கு 15 பாகையளவில், செட்டை மட்டம். சில்லையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின்னால் நீட்டும் தகடு) தொடக்கூடாது. ஃபிளாப்பை இழுத்தால் தூக்குவிசை போகும். சில்லுக் கதவு திறந்து மூடுகிற நேரத்தில் இழுவை கூடும். ஆபத்து விலகிய பின்தான் அவை.

பக்கக்காற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பு ஓடுபாதை 06/24, அதாவது வடகிழக்கும் தென்மேற்குமாகப் பார்க்கிறது. மார்கழி வாடையும் ஆடிக் கச்சானும் பெரும்பாலும் பாதையோடு ஒட்டியே வரும். 20 நொட் (மணிக்கு 20 கடல் மைல்) காற்று 30 பாகை விலகி வந்தால் பக்கத்தில் தள்ளுவது 10 நொட், 60 பாகை என்றால் 17. ஆகவே அங்கே பக்கக்காற்றை விடப் பார்வைத் தூரமும் பாதையில் தேங்கும் தண்ணியும்தான் பெரிய விஷயம்.

ஏறாவூர்: போன முறை டம்மெண்டு போட்டான். பைலட் புதுசோ?

நனைந்த பாதை என்றால் அழுத்திப் போடுவதே சரி. மெதுவாக வைத்தால் சில்லு தண்ணிப் படலத்தின் மேல் மிதக்கும், பிரேக் பிடிக்காது. மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ரயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்க வேண்டும். அழுத்தம் 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) என்றால் 127 நொட். ஏறக்குறைய தரை தொடும் வேகமே அதுதான்.

2020 ஓகஸ்ட் 7இல் கோழிக்கோட்டில் எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344 மழையில், பின்காற்றோடு, 2,700 மீற்றர் பாதையில் ஏறத்தாழ பாதியைக் கடந்துதான் தரை தொட்டது. 21 பேர் இறந்தார்கள். பாதையின் தொடக்கத்தில் குறித்த பகுதிக்குள் தொடாவிட்டால் மேலே ஏற வேண்டும். கைதட்டு வாங்குகிற மெல்லிய இறக்கம் மாரி காலத்துக்கு உதவாது.

அம்பாறை: சின்ன பிளேனுக்கு ஒரு எஞ்சின்தானே. நிண்டா வாவியிலயா, வயல்லயா?

செஸ்னா கரவானை வைத்துச் சொல்கிறேன். முதலில் மூக்கை இறக்கி மிதப்பு வேகத்தைப் பிடிப்பது. அடுத்து விசிறி இலைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்புவது. திருப்பாவிட்டால் சுழலும் விசிறி பெரிய பிரேக்காகும். பிறகு இறங்க இடம் தெரிவு செய்வது, உயரம் இருந்தால் மீண்டும் இயக்கிப் பார்ப்பது, ஆபத்து அழைப்பான "மேடே"யை வானொலியில் மூன்று தரம் சொல்வது. தொடும் முன் எரிபொருளை வெட்டி, கதவைத் தாழ் நீக்கி வைக்க வேண்டும். மோதலில் சட்டகம் வளைந்தால் கதவு இறுகிவிடும்.

வெட்டு முடிந்து காய்ந்த வட்டை என்றால் வயல்தான், வரம்பைக் குறுக்கே வெட்டாமல் நீளப்பாட்டில். தண்ணி கட்டிய வயலில் சில்லு புதைந்து குப்புறக் கவிழும். வாவியிலும் அதே பயம்தான், கரவானின் சில்லை உள்ளே இழுக்க ஏலாது. போதாததற்கு காற்றில்லாத வாவி கண்ணாடி மாதிரி, உயரம் பிடிபடாது. கரையை ஒட்டி, மரத்தை அளவாக வைத்து இறங்க வேண்டும். உயிர்காப்பு அங்கியை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. 1996இல் கொமொரோஸ் கரையில் எத்தியோப்பியன் 961 கடலில் விழுந்தபோது உள்ளே ஊதியவர்கள் கூரையோடு மிதந்து வெளியேற முடியாமல் போனார்கள்.

மருதமுனை: மாஸ்க் விழுந்தா எவ்வளவு நேரம் தாங்கும்?

பெரும்பாலானவற்றில் 12 முதல் 15 நிமிடம். அது போதும், ஏனென்றால் விமானி அதற்குள் 10,000 அடிக்கு இறங்கிவிடுவார். 35,000 அடியில் மாஸ்க் இல்லாமல் புத்தி தெளிவாக இருப்பது 30 முதல் 60 நொடி. பிள்ளைக்கு முதல் உங்களுக்குப் போடச் சொல்வது அதற்காகத்தான். விமானியும் முதலில் தன் மாஸ்க்கைப் போட்ட பின்புதான் இறக்கத்தைத் தொடங்குவார்.

சம்மாந்துறை: கொழும்புல மழையெண்டு மத்தளயில இறக்கி ரெண்டு மணித்தியாலம் வெச்சிட்டாங்க. காத்து நிண்டிருக்கலாமே?

எரிபொருள் கணக்குத்தான் காரணம். போகும் தூரத்துக்கு, அதில் ஒரு 5 சதவீதம் மேலதிகம், மாற்று நிலையத்துக்கு, கடைசியாக 30 நிமிடம் சுற்றுவதற்கு. அந்த 30 நிமிடத்தைத் தொடுவது தெரிந்தால் "மேடே ஃபியூல்" என்று அறிவிக்க வேண்டும். கட்டுநாயக்கவுக்கு மேலே சுற்றிச் சுற்றி மத்தளைக்குப் போகத் தேவையான எரிபொருளையும் எரித்தால், பிறகு மழைக்குள் இறங்குவது தவிர வேறு வழியில்லை. அந்த நிலைக்கு வராமல் புறப்பட்டிருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலம் போனது எரிபொருள் நிரப்பவும், புதிய பறப்பு அனுமதிக்கும், மழை விலகவும்.