செய்து காட்டும் கைவினை வெறும் வேடிக்கையா? கோகாயாமாவில் நான் பார்த்தது

கேள்வி: மலைப்பகுதிப் பாரம்பரியக் கிராமங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கைவினை செய்து காட்டுகிறார்களே, அதில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை படம் எடுத்துக்கொள்ள மட்டும்தானா?

இருக்கிறது. ஆனால் நமக்குக் காட்டுவது அந்த வேலையின் கடைசி அரை மணி நேரத்தை மட்டும்தான். மீதியைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நான் நெசவாளர் வீட்டில் பிறந்தவன். எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்பா தறியில் உட்கார்ந்து நாடா ஓட்டுவதைத்தான் படம் பிடிப்பார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவதையோ, அம்மா ஒவ்வோர் இழையாகப் பிணைப்பதையோ பார்க்க யாரும் வந்ததில்லை. அதனால் எங்கே போனாலும் இந்தக் கேள்வி என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

வேலைக்காக நாகோயாவில் இருந்தபோது கோகாயாமாவுக்கு இரண்டு முறை போனேன். ஜப்பானில் தோயாமா மாகாணத்தின் மலைகளுக்குள், ஷோகாவா ஆற்றை ஒட்டி இருக்கும் பகுதி அது. அங்குள்ள அய்னோகுரா, சுகனுமா ஆகிய இரண்டு ஊர்களும் பக்கத்து மாகாணத்து ஷிராகாவாகோவும் சேர்ந்து 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. கும்பிட்ட கைகளைப் போல செங்குத்தாக இறங்கும் கூரை வீடுகள். பனி மேலே தங்காமல் சரிந்து விழ வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு சரிவு. அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன, ஆகவே கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள்.

இந்த மலையில் நெல் விளையும் நிலம் குறைவு. அந்தக் காலத்தில் காகா பகுதியை ஆண்ட மயேதா குடும்பத்துக்கு இவர்கள் கொடுத்தது வெடிமருந்துக்கான வெடியுப்பு, பட்டு, காகிதம். வீட்டுத் தரைக்கு அடியில் குழி தோண்டி, மண்ணையும் பட்டுப்புழு எச்சத்தையும் மாசிப்பத்திரி இனச் செடிகளையும் அடுக்கடுக்காகப் போட்டு, சில வருடங்கள் விட்டுவைத்து வெடியுப்பு எடுத்திருக்கிறார்கள். மேல்தளத்தில் பட்டுப்புழு, கீழே வெடியுப்பு, நடுவில் குடும்பம். பிறகு வெளிநாட்டிலிருந்து மலிவாக வெடியுப்பு வந்து இறங்கியதும் அந்தத் தொழில் போய்விட்டது. காகிதம் மட்டும் தப்பிப் பிழைத்தது.

முதல் முறை அக்டோபரில் போனபோது அய்னோகுராவின் காகிதப் பட்டறையில் நானும் ஓர் அஞ்சலட்டை செய்தேன். தொட்டியில் கூழ் கலந்த தண்ணீர். மூங்கில் பாய் பொருத்திய சட்டத்தை அதில் முக்கி எடுத்து, முன்னும் பின்னும் ஆட்டி, மேலே ஓர் இலையை வைத்துக் காய வைத்தால் அட்டை தயார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அழகாக இருந்தது, எனக்குத்தான் திருப்தி இல்லை. இந்தக் கூழ் எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன். "பனி விழுந்த பிறகு வாருங்கள்" என்றார்.

பிப்ரவரியில் போனேன். ஊர் ஆளுயரப் பனிக்குள் இருந்தது. ஆற்றோரம் இருந்த வேறொரு பட்டறையில் உள்ளே வந்து பார்க்க விட்டார்கள். அந்தக் கூழ் கோசோ என்ற மல்பெரி குடும்பத்துச் செடியிலிருந்து வருகிறது. இலை உதிர்ந்ததும் கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரிக்கிறார்கள். மேலே உள்ள கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சும் வெளிர் நாரைப் பனியின் மேல் நீளநீளமாக விரித்துப் பல நாள் விடுகிறார்கள். கீழே பனி, மேலே வெயில், அந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தே நார் வெளுக்கிறது.

வெளுத்த நாரைக் காரநீரில் வேகவைத்த பிறகுதான் நான் மறக்க முடியாத கட்டம். வெந்த நாரைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் தூசு, கரும்புள்ளி, முடிச்சு எல்லாவற்றையும் விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. இதைச் சிரித்தோரி என்கிறார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாட்டி குனிந்து உட்கார்ந்திருந்தார். இடது கையில் நாரை விரித்துப் பிடித்து, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு புள்ளியைக் கிள்ளி ஓரத்தில் இருந்த கிண்ணத்தில் தட்டுவார். அடுத்த புள்ளி. விரல் நுனிகள் சிவந்து போயிருந்தன. நானும் கேட்டு வாங்கிப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். எனக்கு விரல் மரத்துப்போய்ப் புள்ளி எது, நார் எது என்றே தெரியவில்லை. நான் முடித்து வைத்த நாரை அவர் மறுபடி எடுத்து அதிலிருந்து ஏழெட்டுப் புள்ளிகள் கிள்ளினார். எங்கள் அம்மா இழை பிணைக்கும்போது தலை எந்த அளவு சாய்ந்திருக்குமோ, இவர் தலையும் அப்படியே சாய்ந்திருந்தது.

அப்புறம் அந்தத் தொட்டித் தண்ணீர். அதில் தொரோரோ-அஓய் என்ற செடியின் வேரை நசுக்கி எடுத்த வழவழப்பைக் கலக்கிறார்கள். அது நம் வெண்டைக்கு நெருங்கிய உறவு, கையில் பட்டால் வெண்டைக்காய் நறுக்கிய பிசுபிசுப்பேதான். பலர் இதைப் பசை என்று நினைக்கிறார்கள். பசை இல்லை. நார்கள் கட்டி தட்டாமல் தண்ணீரில் பரவி மிதக்கவும், தண்ணீர் பாய் வழியாக மெதுவாக இறங்கவும் இது வேண்டும். சூடு பட்டால் இந்த வழவழப்பு சீக்கிரம் நீர்த்துப்போகும், அதனால்தான் காகிதம் குளிர்கால வேலையாக இருந்தது. விவசாயம் இல்லாத மாதங்கள், வெளுக்கப் பனி, வழவழப்பைக் காப்பாற்றும் குளிர் மூன்றும் ஒரே சமயத்தில் கிடைக்கும் ஊர் இது. இப்படிச் செய்யும் இங்கத்துக் காகிதம் கியோத்தோவின் கட்சுரா அரண்மனையைச் செப்பனிடவும் போயிருக்கிறது.

சரி, போகிற ஊரில் நடப்பது நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். மூலப்பொருள் அங்கேயே கிடக்கிறதா என்பது ஒன்று. உரித்த பட்டையோ சுரண்டிய கழிவோ கண்ணில் பட்டால் வேலை அங்கேதான் நடக்கிறது. செய்து காட்டும் பொருளும் கடையில் விற்கும் பொருளும் ஒரே கையிலிருந்து வருகிறதா என்பது இன்னொன்று. வேறொரு மலை ஊரில், பெயர் வேண்டாம், முன்னால் ஒருவர் மரம் செதுக்கிக்கொண்டிருக்க, பின்னால் தட்டு முழுக்க இயந்திரத்தில் வார்த்த பொம்மைகள் இருந்தன. அவர் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை, அவர் செய்ததை விற்காமல் போனதுதான் என்னை மிகவும் வருத்தியது. அதனால் முடிந்தால் செய்தவரிடமே வாங்குங்கள். அஞ்சலட்டை செய்யக் கொடுக்கும் சின்னக் கட்டணத்தையும் வீண் என்று நினைக்காதீர்கள். கோடையில் வரும் அந்தக் காசும் சேர்ந்துதான் பனிக்கால வேலைக்கு ஆள் நிற்கிறார்கள்.

போகும் வழி: ஷின்-தகாவோகா நிலையத்திலிருந்து ஷிராகாவாகோ போகும் பேருந்து அய்னோகுராகுச்சியில் நிற்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து மேட்டில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் பட்டறை திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள்.

அங்கே வாங்கிய ஒரு தாளை அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம், கட்டைவிரலால் தடவியும் பார்த்தாராம். தொலைபேசியில் முதலில் கேட்டது, "இதுக்கு என்ன கஞ்சி போடுறாங்க?" வெண்டைக்காய்க் கதையை அரை மணி நேரம் சொன்னேன்.