இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே, வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் பார்க்க வேண்டிய ஒரு சிற்றூர் எது? ஏன்?

ஒன்றே ஒன்று என்றால் நான் லாவன்ஹம் என்பேன். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இருக்கிறது, மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. பெயரிலுள்ள 'ஹ' உள்ளூர்க்காரர்கள் வாயில் வராது, 'லாவனம்' என்றுதான் சொல்வார்கள். வேலை காரணமாகச் சில வருடங்கள் அந்தப் பக்கம் இருந்தபோது நான்கைந்து முறை போயிருக்கிறேன். கோட்டையோ அரண்மனையோ கிடையாது. ஆனால் 500 வருடத்துக்கு முந்தைய தெருக்கள் அப்படியே இருக்கின்றன. 300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

முதலில் கண்ணில் படுவது வீடுகள் சாய்ந்து நிற்பதுதான். வாசல் ஒரு பக்கம் இழுக்கும், மாடி தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். காயாத ஓக் மரத்தில் சட்டம் போட்டுக் கட்டிய வீடுகள் இவை. பச்சை மரம்தான் இழைக்கவும் துளைக்கவும் எளிது. ஆனால் காயக் காய முறுக்கிக்கொள்ளும். மரத்தோடு வீடும் திரும்பிவிட்டது.

சரி, இத்தனை சிறிய ஊருக்கு இவ்வளவு நல்ல வீடுகள் எப்படி வந்தன? கம்பளித் துணிதான் காரணம். லாவன்ஹமின் நீலத் துணிக்கு அந்தக் காலத்தில் வெளிநாடுகளில் பெரிய கிராக்கி இருந்தது. நெய்த பிறகு துணியை முக்கி எடுக்காமல், நூற்பதற்கு முன்பே கம்பளியில் சாயம் ஏற்றிவிடுவார்கள். துணி வணிகர்கள் சுற்று வட்டாரத்தில் நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் வேலை கொடுத்து வாங்கி விற்றுப் பணக்காரர்கள் ஆனார்கள். 1524-இல் அரசுக்குக் கட்டிய வரியைப் பார்த்தால், இங்கிலாந்தின் பணக்கார ஊர்களில் இதற்குப் பதினான்காவது இடம். யார்க், லிங்கன் போன்ற பெரிய நகரங்களைவிட இந்த ஊர் அதிகம் கட்டியிருக்கிறது.

அந்தப் பணம் எங்கே போனது என்பதை ஊரின் கிறிஸ்தவக் கோவிலில் பார்க்கலாம். புனித பீட்டர், புனித பால் பெயரில் உள்ள கோவில் அது, கோபுரம் 141 அடி. கீழ்ப்பகுதியைச் சுற்றி நட்சத்திரங்கள் செதுக்கியிருக்கும். அவை ஊரின் நிலப்பிரபுவான ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் குடும்பச் சின்னம். 1485-இல் ஏழாம் ஹென்றிக்கு அரியணையைப் பெற்றுத்தந்த பாஸ்வொர்த் போரில் அவருடைய முன்னணிப் படையை நடத்தியவர் இந்தப் பிரபு. கோபுர உச்சியைப் பார்த்தால் ஸ்ப்ரிங் குடும்பத்தின் சின்னம் திரும்பத் திரும்ப வரும். தாமஸ் ஸ்ப்ரிங் துணி வணிகர். 1523-இல் இறந்தபோது கோபுர வேலையை முடிக்க 200 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். அடியில் பிரபு, உச்சியில் துணிக்காரர். அந்தக் காலத்தில் யார் கை ஓங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போகிறவர்கள் கையோடு ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள்.

தறியில் உட்கார்ந்தவர்களின் நிலைமை வேறு. 1525-இல் எட்டாம் ஹென்றி பிரான்ஸ் மேல் படையெடுக்கப் பணம் வேண்டும் என்று, நாடாளுமன்றத்தைக் கேட்காமலே ஒரு வரி கேட்டார். அதைக் கட்டினால் கூலி கொடுக்க முடியாது என்று வணிகர்கள் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். வேலை போன சனம் லாவன்ஹமில் ஆயிரக்கணக்கில் கூடியது. உங்கள் தலைவன் யார் என்று நார்ஃபோக் பிரபு கேட்டபோது, ஜான் கிரீன் என்பவர் முன்னே வந்து, எங்கள் தலைவன் பெயர் வறுமை, அவனும் அவன் உறவுக்காரன் தேவையும்தான் எங்களை இங்கே இழுத்து வந்தார்கள் என்றாராம். கடைசியில் அரசர் வரியைக் கைவிட்டார், பிடிபட்டவர்களுக்கும் மன்னிப்பு கிடைத்தது. அந்தக் கிரீனுக்கு அங்கே ஒரு சிலை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு அகதிகள், எடை குறைந்த மலிவான துணிகளை நெய்யத் தொடங்கினார்கள். லாவன்ஹமின் கனத்த துணியைக் கேட்பார் இல்லை. ஊர் நொடித்துப் போனது. நீங்கள் கேட்ட 'ஏன்' என்பதற்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. செழித்த ஊர்களில் பின்னால் வந்தவர்கள் பழைய மர வீடுகளை இடித்தார்கள், அல்லது முகப்பில் செங்கல் சுவர் வைத்து மறைத்தார்கள். லாவன்ஹம்காரர்களில் பெரும்பாலானோரிடம் அதற்குக் காசு இல்லை. இன்று நாம் ரசிக்கும் ஒவ்வொரு கோணல் சுவருக்கும் பின்னால் பல தலைமுறைகளின் கஷ்டம் இருக்கிறது. அழகான ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டு வர எனக்கு மனசு வருவதில்லை.

சந்தைத் திடலில் உள்ள கில்டு மண்டபத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 1530 வாக்கில் பணக்கார வணிகர்களின் சமயச் சங்கம் ஒன்று அதைக் கட்டியது. 1547-இல் அரசு அத்தகைய சங்கங்களையே ஒழித்துவிட்டது. அப்புறம் அது சிறையானது, ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியானது, கிடங்கானது. இப்போது நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வணிகர்களின் செல்வத்தோடு அந்த ஏழைகளின் கதையையும் அங்கே கேட்டுவிட்டு வாருங்கள்.

பக்கத்து ஊரான சட்பரி வரை ரயில் உண்டு, அங்கிருந்து பேருந்தில் போகலாம். கோவிலுக்குள் போனால் அண்ணாந்து பார்த்தது போதும் என்று பலிபீடத்துக்கு முன்னால் தரையையும் பாருங்கள். ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதித்திருக்கும். 1631-இல் பிறந்து பத்தே நாளில் இறந்த குழந்தையின் நினைவுக்கு வைத்தது. துணியில் இறுகச் சுற்றிய சிறு உருவம், முகம் மட்டும் தெரியும். நான் ஒவ்வொரு முறையும் அங்கே கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.